நேட்டிவ் அழைப்பை எங்கே மறிப்பது? ஃப்ரிடா, பிஎல்டி ஹூக், யூப்ரோப்: எதை எப்போது எடுப்பது

"ணா, ஃப்ரிடா போட்டா ஆப்பு அப்டியே மூடிக்குதுணா. இத்த வுட்டுட்டு வேற எதுனா கத்துக்கட்டா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு லேப்டாப்போடு வந்து உட்காரும் பிள்ளைகளில் ஒருவன், ஓடும் ஆப்புக்குள் நுழைந்து அதன் அழைப்புகளை மறிக்கும் ஃப்ரிடா என்ற கருவியைப் பற்றிக் கேட்டது இது. வியாசர்பாடிப் பையன், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அவனிடம் இருப்பது 8 ஜிபி ரேம் லேப்டாப்பும் ரூட் செய்த (முழு நிர்வாக உரிமை திறந்த) ஒரு பழைய போனும்தான். இதற்கென்று அவனுக்குக் கிடைக்கும் நேரம் அந்த ஞாயிறும், வாரநாள் இரவுகளில் ஒரு மணி நேரமும். இருக்கிற கொஞ்ச நேரத்தை எதில் போடுவது என்று தவிப்பவனிடம் "எல்லாத்தையும் கத்துக்கோ" என்று சொன்னால் அது பதிலே இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். நீங்கள் பார்க்க நினைக்கும் அழைப்பு எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று கண்டுபிடியுங்கள். அது தெரிந்தவுடன் இருக்கிற வழிகளில் பாதி தானாகக் கழிந்துவிடும். பிறகு, வெறுமனே பார்க்கப் போகிறீர்களா, மாற்றவும் போகிறீர்களா என்று கேளுங்கள். கையில் என்ன போன் இருக்கிறது என்பது கடைசி.

நாங்கள் அப்போது சோதித்துக்கொண்டிருந்தது, காசிமேட்டுப் படகுக்காரர்களுக்கு ஐஸ், டீசல் கடன் கணக்கு வைக்கும் ஒரு சின்ன ஆப். நடத்துபவர்களே எழுத்தில் அனுமதி கொடுத்து, சோதனைக்கென்று தனிக் கணக்குகளும் திறந்து தந்திருந்தார்கள். அனுமதிக் கடிதத்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அது இல்லாமல் இன்னொருவர் கணினி அமைப்பில் கை வைப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளுக்குள் வந்துவிடலாம். 66-இல் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாடிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். திறமையான பையன் ஒருவன் ஆர்வக் கோளாறில் வழக்கில் மாட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அந்த ஆப்பில் ஏதாவது ஓட்டை இருந்தால் நட்டப்படப் போவது யாரோ அல்ல. எங்கள் தெருவில் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து வலை பின்னுகிற குடும்பங்களின் கடன் கணக்கு அதில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு ஆப்பின் ஜாவா, காட்லின் பகுதியை ஜேடெக்ஸ் போன்ற டீகம்பைலரில் போட்டால் கிட்டத்தட்ட எழுதியவர் எழுதியபடியே படித்துவிடலாம். ஆகவே மறைக்க வேண்டியதை, அதாவது பின் நம்பர் சரிபார்ப்பு, சர்வருக்கு அனுப்பும் கோரிக்கைக்கான கையொப்பம், ரூட் சோதனை போன்றவற்றை, சி அல்லது சி++-இல் எழுதி .எஸ்ஓ லைப்ரரிக்குள் வைத்துவிடுகிறார்கள். நேட்டிவ் என்பது இந்தப் பகுதிதான். அந்த லைப்ரரிக்குள் போகும் அழைப்பையும் உள்ளிருந்து வெளியே வரும் அழைப்பையும் மறித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

அழைப்பு தாண்டக்கூடிய இடங்கள் நான்கு. ஜாவாவிலிருந்து, இரண்டையும் இணைக்கும் ஜேஎன்ஐ வழியாக நேட்டிவுக்குள் நுழையும் இடம். ஒரு .எஸ்ஓ இன்னொரு .எஸ்ஓ-வைக் கூப்பிடும் இடம். ஆப்பின் லைப்ரரி, சி மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்சியில் கோப்பைத் திறக்கும் ஓப்பன் ஃபங்ஷனைக் கூப்பிடுவதைப் போல. ஒரே .எஸ்ஓ-வுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும் இடம். கடைசியாக, எஸ்விசி என்ற சிபியு கட்டளை மூலம் நேராகக் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் கருவுக்குள்) இறங்கும் இடம். இந்த நான்கில் எது என்று தெரியாமல் ஹூக் (அழைப்பை மறிக்கும் கொக்கி) போட்டால், தெற்கு வாசலில் காவல் நின்றுகொண்டு வடக்கு வாசலில் போனவனைத் தேடுகிற கதைதான்.

ஜாவா பக்கமே போதுமா என்று முதலில் பாருங்கள்

நேட்டிவ் என்ற பெயரைக் கேட்டதுமே எல்லாரும் கீழே இறங்கிவிடுகிறார்கள். பாதிக் கேள்விகளுக்கு இறங்கவே வேண்டாம். ஜாவாவில் நேட்டிவ் என்று அறிவிக்கப்பட்ட மெத்தடை ஜாவா பக்கத்திலேயே ஹூக் செய்யலாம். உள்ளே என்ன போகிறது, என்ன திரும்பி வருகிறது என்பது மட்டும் போதுமென்றால் இதைவிட மலிவான வழி கிடையாது. ஃப்ரிடாவின் ஜாவா பாலத்திலும் செய்யலாம், ரூட் போனில் ஜாவா மெத்தட்களை மாற்ற உதவும் எக்ஸ்போஸ்டு வழி வந்த மாட்யூல்களிலும் செய்யலாம்.

ஐஸ் கணக்கு ஆப்பில் பின் சரிபார்க்கும் ஃபங்ஷனை இப்படித்தான் பார்த்தோம். நான்கு இலக்க எண் அப்படியே சரமாக உள்ளே போனது, சரி அல்லது தவறு என்ற ஒற்றை விடை வெளியே வந்தது. விடையைச் "சரி" என்று மாற்றிவிட்டோம். போனில் சேமித்து வைத்திருந்த பழைய கணக்குப் பட்டியல் முழுவதும் திறந்துகொண்டது. அசெம்பிளி ஒரு வரிகூடப் படிக்காமல் கிடைத்த கண்டுபிடிப்பு இது. உள்ளே பின் நம்பர் எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்பது அந்த ஓட்டைக்குத் தேவையே படவில்லை.

உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபங்ஷனின் முகவரி வேண்டும். ஜாவா_ என்று தொடங்கும் நீண்ட பெயரோடு எக்ஸ்போர்ட் பட்டியலில் இருந்தால் வேலை சுலபம். பல ஆப்களில் இருக்காது. ஜேஎன்ஐ_ஆன்லோட் ஓடும்போது ரெஜிஸ்டர்நேட்டிவ்ஸ் என்ற அழைப்பின் வழியாக மெத்தடையும் முகவரியையும் இணைத்துவிடுவார்கள். அப்போது லிப்ஆர்ட் லைப்ரரியில் அந்த ரெஜிஸ்டர்நேட்டிவ்ஸையே மறித்தால், எந்த மெத்தடுக்கு எந்த முகவரி என்று அதுவே சொல்லிவிடும்.

ஃப்ரிடா: முதல் கருவி இதுதான், ஆனால் காரணம் தெரிந்து எடுங்கள்

தம்பியின் கேள்விக்கு நேரான பதில்: ஃப்ரிடாவை விடாதே. புதிதாக வருபவர் ஒன்றே ஒன்று கற்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ரூட் போனில் ஃப்ரிடா சர்வர் ஓடுகிறது. அது பிட்ரேஸ் (ஒரு ப்ராசஸ் இன்னொன்றைக் கட்டுப்படுத்த உதவும் கெர்னல் வசதி) வழியாக ஆப்பின் ப்ராசஸைப் பிடித்து, தன் ஏஜென்ட் லைப்ரரியை உள்ளே ஏற்றிவிட்டு விலகிக்கொள்கிறது. ஏஜென்டுக்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் இருக்கிறது. நாம் எழுதும் ஸ்கிரிப்ட் அங்கே, ஆப்பின் வயிற்றுக்குள்ளேயே ஓடுகிறது. இன்டர்செப்டர் என்ற பகுதி ஃபங்ஷனின் முதல் சில கட்டளைகளை அழித்துவிட்டு, அங்கே நம் கோடுக்கு (நிரலுக்கு) தாவும் கட்டளையை எழுதுகிறது. இதற்கு இன்லைன் ஹூக் என்று பெயர்.

மெட்ரோ வேலைக்காகத் தெருமுனையை வெட்டி "மாற்றுப்பாதை" பலகை வைத்ததை வடசென்னையில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. இன்லைன் ஹூக்கும் அதேதான். தெருவுக்குள் வரும் எந்த வண்டியும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். லைப்ரரிக்கு உள்ளிருந்து வரும் அழைப்பும் வெளியிலிருந்து வரும் அழைப்பும் இரண்டுமே சிக்கும். இன்லைனின் பலம் இதுதான். பலவீனமும் இதிலிருந்தே வருகிறது: தெருவை வெட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும். ஃபங்ஷனின் முதல் பைட்டுகளைப் படித்து, மூலக் கோப்பில் உள்ளதோடு ஒப்பிடும் ஆப் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஃப்ரிடா விட்டுவைக்கும் தடயங்கள் இன்னும் உண்டு. சர்வர் இயல்பாகக் கேட்கும் போர்ட் 27042. ப்ராசஸின் மெமரி வரைபடமான /ப்ராக்/செல்ஃப்/மேப்ஸ் கோப்பில் ஏஜென்டின் மெமரிப் பகுதிகள் தெரியும். கம்-ஜேஎஸ்-லூப், ஜிமெயின் என்ற பெயர்களில் புதிய த்ரெட்கள் முளைத்திருக்கும். தற்காப்பு எழுதும் யாரும் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அழைப்பும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் போய்த் திரும்புவதால், மெம்காப்பி, மாலாக் மாதிரி நொடிக்கு ஆயிரக்கணக்கில் கூப்பிடப்படும் ஃபங்ஷன்களில் ஹூக் போட்டால் ஆப் நொண்டும். அப்படித்தான் செய்தாக வேண்டும் என்றால் சிமாட்யூல் வழியாக அந்தச் சின்னப் பகுதியை மட்டும் சி-யில் எழுதலாம். ஆனால் மெம்காப்பியில் ஹூக் போடும் தேவை உண்மையில் இருக்கிறதா என்று ஒரு தடவை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். பெரும்பாலும் ஒரு படி மேலே உள்ள ஃபங்ஷன் போதும்.

மாடியில் நேரத்தை மிக அதிகமாகத் தின்றது இது எதுவும் இல்லை, பதிப்புச் சிக்கல்தான். லேப்டாப்பில் உள்ள ஃப்ரிடாவும் போனில் உள்ள சர்வரும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். 2025 மே மாதம் வந்த ஃப்ரிடா 17-இல், பழைய ஸ்கிரிப்ட்கள் எல்லாவற்றிலும் இருந்த மாட்யூல்.ஃபைண்ட்எக்ஸ்போர்ட்பைநேம் மாதிரியான அழைப்புகளை எடுத்துவிட்டார்கள். இப்போது முதலில் ப்ராசஸிடம் மாட்யூலைக் கேட்டு, அந்த மாட்யூலிடம் எக்ஸ்போர்ட்டைக் கேட்க வேண்டும். ஜாவா பாலமும் அடிப்படை எஞ்சினிலிருந்து பிரிந்து தனிப் பொருளாகிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஒட்டிவிட்டு "ஹூக் வேலை செய்யலை" என்று இரண்டு ஞாயிறுகளைத் தொலைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆப்பின் தற்காப்பு என்று அவர்கள் நினைத்தது வெறும் பதிப்பு மாற்றம். 16-க்கு ஒரு பைத்தான் சூழல், 17-க்கு ஒரு பைத்தான் சூழல் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட் இல்லாத போனென்றால் ஃப்ரிடா கேட்ஜெட் இருக்கிறது. ஏபிகே-யைப் பிரித்து, கேட்ஜெட் லைப்ரரியை உள்ளே வைத்து, நம் சாவியால் மறுபடி கையொப்பமிட வேண்டும். அப்ஜெக்ஷன் என்ற கருவி இந்த வேலையை ஒரே கட்டளையில் செய்துவிடும். ஆனால் கையொப்பம் மாறிவிட்டது என்பதை ஆப்பே பார்க்கலாம், கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனை வழியாக சர்வரும் பார்க்கலாம். பணம் சம்பந்தப்பட்ட ஆப்களில் இந்த வழி பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

பிஎல்டி ஹூக், நாமே எழுதும் இன்லைன் ஹூக்

ஒரு லைப்ரரி லிப்சியில் உள்ள ஓப்பனைக் கூப்பிடும்போது, நேராக அந்த முகவரிக்குப் போவதில்லை. தன்னிடம் உள்ள ஜிஓடி என்ற அட்டவணையில் "ஓப்பன் எங்கே இருக்கிறது" என்று பார்த்துவிட்டுப் போகிறது. அந்த அட்டவணையில் உள்ள முகவரியை மாற்றுவதுதான் பிஎல்டி ஹூக். எக்ஸ்ஹூக், பைட்ஹூக் இரண்டும் இந்த வகை. தெருவை வெட்டவில்லை, கொரியர்காரர் ஒருவரின் டைரியில் மட்டும் விலாசத்தைத் திருத்தியிருக்கிறோம். மற்றவர்கள் வழக்கம்போலப் போய் வருவார்கள்.

கோடை அழிக்காததால் இது மிக நிலையானது. தயாரிப்பாளர்களே தங்கள் ஆப்புக்குள் மெமரிக் கசிவைப் பிடிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். சொந்த பில்டில், வாரக்கணக்கில் ஓட வேண்டிய கண்காணிப்பு என்றால் நான் யோசிக்காமல் பிஎல்டியைத்தான் எடுப்பேன். அந்நிய ஆப்பைச் சோதிக்கும்போது எடுக்க மாட்டேன். ஒரே லைப்ரரிக்குள் நடக்கும் அழைப்பு பெரும்பாலும் அட்டவணையைப் பார்ப்பதில்லை. டிஎல்சிம் மூலம் முகவரியை வாங்கிக்கொண்டு நேராகக் கூப்பிட்டாலும் சிக்காது. எஸ்விசி பற்றிப் பேச்சே இல்லை.

இன்லைன் ஹூக்கை ஃப்ரிடா இல்லாமலும் செய்யலாம். டாபி, ஷேடோஹூக் ஆகியவை அதற்கான லைப்ரரிகள். ரூட் கருவியான மேஜிஸ்க்கில் 24-ஆம் பதிப்பிலிருந்து வந்த ஜிகிஸ்க் வழியாக நம் லைப்ரரியை, எல்லா ஆப்களுக்கும் தாய் ப்ராசஸான ஸைகோட்டிலிருந்து ஆப் பிறக்கும் கணத்திலேயே உள்ளே ஏற்றிவிடலாம். போர்ட் கிடையாது, ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் கிடையாது, கூடுதல் த்ரெட்டும் கிடையாது. தடயம் மிகக் குறைவு. விலை என்னவென்றால், ஒரு வரி மாற்றினாலும் மறுபடி பில்ட், மறுபடி ஏற்றுதல், மறுபடி துவக்கம். என்ன தேடுகிறோம் என்று இன்னும் தெரியாத கட்டத்தில் இந்த மெதுவான சுற்று ஆளைக் களைப்பாக்கிவிடும். என்ன வேண்டும் என்று ஃப்ரிடாவில் உறுதியான பிறகு, அதையே நிலையான மாட்யூலாக எழுதுவதற்கு இது நல்ல வழி.

இன்லைன் ஹூக்கை முழுக்க நீங்களே எழுதிப் பார்ப்பது கற்பதற்கு நல்லது. அதில் நான் பட்டது ஒன்றைச் சொல்கிறேன். ஆர்ம்64 வகை சிபியுவில் ஒரு கட்டளை 4 பைட். எங்கேயும் தாவக்கூடிய வழக்கமான தாவல் இப்படி இருக்கும்: முகவரியை எக்ஸ்17 ரெஜிஸ்டரில் ஏற்றும் ஒரு கட்டளை, அதற்குத் தாவும் ஒரு கட்டளை, பின்னால் 8 பைட் முகவரி. மொத்தம் 16 பைட். நான் ஹூக் போட்டது "ரூட் இருக்கிறதா" என்று கேட்டால் எப்போதும் பூஜ்யம் திருப்பும் ஒரு குட்டி ஃபங்ஷன். அதில் இருந்ததே இரண்டு கட்டளைகள்: பூஜ்யத்தை டபிள்யூ0-இல் வை, திரும்பு. 8 பைட். என் 16 பைட் தாவல் அதைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த ஃபங்ஷனின் தலையையும் மிதித்துவிட்டது. ஆப் உடனே விழவில்லை. அந்தப் பக்கத்து ஃபங்ஷன் கூப்பிடப்பட்ட நேரத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு திரையில் விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி முழுக்கப் போனது. முதிர்ந்த லைப்ரரிகள் இந்த மாதிரி இடத்தில், தூரம் 128 எம்பி-க்குள் இருந்தால் 4 பைட் தாவல் ஒன்றே ஒன்றை வைக்கின்றன. முடியாவிட்டால் மறுத்துவிடுகின்றன. அழித்த கட்டளைகளில் ஏடிஆர்பி மாதிரி, தான் இருக்கும் இடத்தைப் பொறுத்து அர்த்தம் மாறுகிற கட்டளை இருந்தால் அதையும் திருத்தித்தான் மாற்றுப்பாதையில் வைக்க வேண்டும். சோதனைக்கு வந்தவரின் ஆப்பில் நம் சொந்த ஹூக்கரை ஓட்டாதீர்கள். அதில் ஏற்படும் விபத்தை ஆப்பின் பிழை என்று அறிக்கையில் எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

இன்னொன்று புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 15-இலிருந்து 16 கேபி மெமரிப் பக்க அளவு உள்ள சாதனங்கள் வரலாம். பக்கம் என்றால் 4096 பைட் என்று எண்ணி எழுதிய பழைய ஹூக் கோடு அங்கே, மெமரியின் அனுமதியை மாற்றும் எம்ப்ரொடெக்டில் தவறான முகவரி கொடுத்துத் தோற்றுவிடும். பக்க அளவைச் சிஸ்கான்ஃபிடம் கேட்டு வாங்க வேண்டும். பழைய களஞ்சியத்திலிருந்து எடுக்கும் எந்தக் கோடிலும் 4096 என்ற எண்ணை முதலில் தேடிப் பாருங்கள்.

கெர்னலிலிருந்து பார்ப்பது

தம்பியின் ஆப் மூடிக்கொண்ட கதைக்கு இப்போது வருகிறேன். லிப்சியில் ஓப்பன், ஓப்பன்அட், ஆக்ஸஸ், ஸ்டாட் எல்லாவற்றிலும் ஃப்ரிடா ட்ரேஸ் போட்டுப் பார்த்தான். சந்தேகப்படும்படி ஒரு கோப்பும் திறக்கப்படவில்லை. ஆனாலும் ஆப் மூடிக்கொண்டது. "ஒண்ணியும் படிக்கல, ஆனா தெரிஞ்சிக்குதுணா" என்றான். அவன் சொன்னதிலேயே விடை இருந்தது. படிக்கிறது, ஆனால் லிப்சி வழியாகப் படிக்கவில்லை.

லைப்ரரியை, அசெம்பிளியாகப் பிரித்துக் காட்டும் கீட்ராவில் திறந்து 01 00 00 டி4 என்ற நான்கு பைட்டுகளைத் தேடச் சொன்னேன். ஆர்ம்64-இல் எஸ்விசி கட்டளை மெமரியில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். சாதாரண ஆப் லைப்ரரியில் அது இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கெர்னலைக் கூப்பிடும் வேலையை லிப்சி பார்த்துக்கொள்ளும். இங்கே நான்கு இடங்களில் இருந்தது. அவற்றில் மூன்றில் அதற்குச் சற்று முன்னால் எக்ஸ்8 ரெஜிஸ்டரில் 56 என்று வைத்திருந்தார்கள். 56 என்றால் ஓப்பன்அட் சிஸ்டம் கால், அதாவது கோப்பைத் திறக்கச் சொல்லிக் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை. ஆக, அழைப்பு நான்காவது எல்லையைத் தாண்டுகிறது. நாங்கள் இரண்டாவது எல்லையில் நின்றுகொண்டிருந்தோம்.

இந்த நிலைமைக்குத்தான் கெர்னல் பக்கம் உதவும். இரண்டு விதமாகப் பார்க்கலாம். சிஸ்டம் கால்களை மட்டும் பார்க்க, கெர்னலுக்குள் சின்ன நிரல்களை ஓட்ட உதவும் இபிபிஎஃப் மூலம் கெர்னலின் ட்ரேஸ்பாயின்டில் (கண்காணிக்கவென்றே வைத்த இடத்தில்) ஒட்டிக்கொள்ளலாம். லிப்சி வழியாக வந்தாலும் நேராக எஸ்விசி அடித்தாலும் அங்கே வராமல் தப்ப முடியாது. லைப்ரரிக்குள் உள்ள குறிப்பிட்ட ஃபங்ஷனைப் பார்க்க யூப்ரோப் வைக்கலாம். அந்த முகவரியில் கெர்னல் ஒரு ப்ரேக்பாயின்ட் கட்டளையை வைக்கிறது. சிபியு அங்கே வந்ததும் கட்டுப்பாடு கெர்னலுக்கு வரும், நம் இபிபிஎஃப் நிரல் எக்ஸ்0 முதல் எக்ஸ்7 வரையுள்ள வாதங்களைப் படித்துக்கொள்ளும், பிறகு ஆப் தன் வழியே போகும். ஆண்ட்ராய்டில் இதை வசதியாகச் செய்யும் கருவி ஸ்டாக்பிஎல்ஸெட். டிஎல்எஸ் குறியாக்கத்துக்கு முன்னால் உள்ள தகவலை எஸ்எஸ்எல்_ரைட் ஃபங்ஷனில் யூப்ரோப் வைத்து எடுக்கும் கருவி இகேப்சர். ஆப்பின் சான்றிதழ் பின்னிங்கை (குறிப்பிட்ட சர்வர் சான்றிதழை மட்டும் நம்பும் தற்காப்பை) உடைக்கவே வேண்டாம் என்பது அதன் பெரிய நன்மை.

ஆப்பின் ப்ராசஸுக்குள் நம் லைப்ரரி எதுவும் போகவில்லை, த்ரெட் இல்லை, போர்ட் இல்லை. தடயமே இல்லை என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யூப்ரோப் வைத்த இடத்தில் கட்டளை மாறியிருக்கும். செக்சம் போடும் ஆப் பிடித்துவிடும். ப்ரோப் தட்டப்பட்ட பிறகு மேப்ஸ் கோப்பில் யூப்ரோப்ஸ் என்ற பெயரிலேயே ஒரு பகுதி தோன்றும். சிஸ்டம் கால் ட்ரேஸ்பாயின்டில் இந்த இரண்டும் கிடையாது. அதனால் அதிலிருந்து தொடங்குவதுதான் என் பழக்கம்.

கெர்னல் வழியின் உண்மையான குறை வேறு. அது கண், கை இல்லை. வாதத்தைப் படிக்கலாம், திரும்பும் மதிப்பை இஷ்டப்படி மாற்றுவது, ஒரு ஃபங்ஷனை மொத்தமாகத் தூக்கிவிட்டு நம்முடையதை வைப்பது எல்லாம் ஃப்ரிடாவில் ஒரு வரி, இங்கே அந்த வசதி கிடையாது. அதோடு ஸ்டாக்பிஎல்ஸெட்டுக்குக் கெர்னல் 5.10 அல்லது மேல் வேண்டும், ரூட்டும் வேண்டும். இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். ஆண்ட்ராய்டு பதிப்பு 13 என்று போட்டிருக்கும், உள்ளே கெர்னல் 4.14 அல்லது 4.19 ஆக இருக்கும். போன் எந்தக் கெர்னலோடு பிறந்ததோ அதோடுதான் பெரும்பாலும் இருக்கும். தம்பியின் போனும் அப்படித்தான், 4.14.

அவனுடைய போனில், சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் எஸ்ட்ரேஸ் கடைசி வரை பிட்ரேஸில் ஒட்டிக்கொண்டே இருக்கும், ஸ்டேட்டஸ் கோப்பில் ட்ரேசர்பிட் பூஜ்யமாக இருக்காது. இந்த ஆப் அதையும் பார்க்கக்கூடும். என் 5.10 போனைக் கொடுத்தேன். ஆப் தொடங்கியதும் திரையில் வந்தவை: முதலில் /சிஸ்டம்/எக்ஸ்பின்/எஸ்யு. அடுத்து /ப்ராக்/செல்ஃப்/மேப்ஸ். அதற்கடுத்து அதே கோப்பு இன்னொரு முறை, மூன்று நொடி கழித்து, வேறு த்ரெட்டிலிருந்து. அந்த மூன்றாவது வரிதான் முக்கியம். முதல் சோதனையை மட்டும் தாண்டிவிட்டு "அப்பாடா" என்று உட்கார்ந்திருந்தால் மூன்று நொடியில் மறுபடி மூடியிருக்கும்.

பார்த்து முடித்ததும் ஃப்ரிடாவுக்குத் திரும்பினோம். இப்போது எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். ஆப்பை ஃப்ரிடாவே தொடங்கும்படி வைத்து, ஆண்ட்ராய்டு_டிஎல்ஓப்பன்_எக்ஸ்ட் அழைப்பில் காத்திருந்து, அந்த லைப்ரரி மெமரிக்கு வந்ததும் மூன்று எஸ்விசி முகவரிகளிலும் நேராக ஹூக் வைத்தோம். ஓப்பன்அட்டில் கோப்பின் பெயர் எக்ஸ்1-இல் இருக்கும். மேப்ஸ் என்றிருந்தால் நாங்கள் தயாரித்து வைத்த சுத்தமான நகலின் பெயரைக் காட்டினோம். ஆப் திறந்தது. அன்று மதியத்துக்குள், சர்வருக்குப் போகும் கையொப்பத்தின் சாவி லைப்ரரிக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஃப்ரிடாவைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு அவ்வளவு உழைத்தவர்கள் சாவியை அங்கே வைத்திருக்கக் கூடாது. அறிக்கையில் முதல் இடம் அதற்குத்தான் கொடுத்தோம்.

ஃப்ரிடாவை மறைத்து வைக்கும் திருத்திய பதிப்புகளைத் தேடி ஓடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அது சில நேரம் வேலை செய்யும். ஆனால் ஆப் எதைப் பார்த்து மூடிக்கொண்டது என்று கடைசி வரை தெரியாது. சோதனை அறிக்கை என்பது அதைச் சொல்வதற்குத்தான். ஓவாஸ்ப் அமைப்பின் மொபைல் ஆப் பாதுகாப்புத் தரநிலையான எம்ஏஎஸ்விஎஸ்-இல் இந்த வகைத் தற்காப்புகள் ரெசிலியன்ஸ் என்ற தனிப் பிரிவில் இருக்கின்றன. எந்தச் சோதனை இருந்தது, எது இல்லை, எது எளிதில் உடைந்தது என்று அதன்படி எழுத, கெர்னல் பக்கம் கிடைத்த பதிவு நேரடியாக உதவியது.

மற்ற சில வழிகள்

ஒரே ஒரு ஃபங்ஷனை ஆயிரம் தடவை, வெவ்வேறு உள்ளீடுகளோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் போனே வேண்டாம். யூனிடிபிஜி (unidbg) என்ற எமுலேட்டரில் அந்த .எஸ்ஓ-வை மட்டும் லேப்டாப்பில் ஏற்றி ஓட்டலாம். ஃபங்ஷன் ஜாவா பக்கம் எதைக் கேட்கிறதோ அதற்கெல்லாம் நாம் பதில் எழுதித் தர வேண்டும். நிறையக் கேட்டால் அலுத்துவிடும். கையொப்பம் போடும் ஃபங்ஷனுக்கு நன்றாகப் பொருந்தும்.

மற்றவற்றுக்கு முன்னால் நம் லைப்ரரியை ஏற்ற வைக்கும் எல்டி_ப்ரீலோட், டீபக் செய்ய அனுமதி உள்ள பில்டில் ஆண்ட்ராய்டு 8 முதல் ராப்.எஸ்ஹெச் வழியாக வேலை செய்யும். தயாரிப்பாளர் டீபக் பில்ட் கொடுத்தால் பயன்படுத்துங்கள், வேறெங்கும் வேண்டாம்.

ஐபோனில் கோடு பக்கங்களுக்குக் கையொப்பச் சரிபார்ப்பு இருப்பதால் ஜெயில்பிரேக் இல்லாமல் இன்லைன் ஹூக்குக்கு இடமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக் வெளியிட்ட ஃபிஷ்ஹூக், பிஎல்டி ஹூக்கைப் போல முகவரி அட்டவணையை மட்டும் மாற்றுவதால் அங்கே ஓடும். ஆனால் அதை ஆப்புக்குள் சேர்த்துக் கட்ட வேண்டும்.

தம்பிக்கு நாங்கள் எடுத்த முடிவு

அடுத்த ஆறு மாதத்துக்கு ஃப்ரிடாவும், ஆர்ம்64 அசெம்பிளியை வாசிக்கும் அளவுக்கான பயிற்சியும். இரண்டாவதில்தான் பலர் கைவிடுகிறார்கள். எஸ்விசி கட்டளையை அடையாளம் காணத் தெரியாதவனுக்கு எந்தக் கருவியும் அன்று உதவியிருக்காது. கெர்னல் பக்கம் இப்போதைக்கு ஸ்டாக்பிஎல்ஸெட்டை ஓட்டத் தெரிந்தால் போதும், இபிபிஎஃப் நிரல் எழுத வேண்டியதில்லை. பிஎல்டி ஹூக்கின் கோடை ஒரு தடவை படித்துப் புரிந்துகொள்ளச் சொன்னேன், பயன்படுத்த அல்ல. ஜிகிஸ்க் மாட்யூல் அடுத்த வருடம்.

மிச்சம் இருந்தது போன். பழைய போன் வாங்கப் பர்மா பஜார் போனோம். கடையில் ரூட் செய்து பார்க்க முடியாது, ஆனால் இரண்டு விஷயங்களை அங்கேயே பார்த்துவிடலாம். அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதிக்குள் கெர்னல் வெர்ஷன் எழுதியிருக்கும். டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்தால் ஓஇஎம் அன்லாக்கிங் என்ற பொத்தான் நகர்கிறதா, மங்கலாகக் கிடக்கிறதா என்று தெரியும். மங்கலாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். முதல் மூன்று போன்களில் 4.19. நான்காவதில் பொத்தான் நகரவில்லை. பிக்ஸல் 6ஏ ஒன்று இருந்தது, ஓரத்தில் கீறல். கடைக்காரர் கேமராவைக் காட்டத் தொடங்கினார். இவன் நேராகக் கெர்னல் வரிக்குப் போனான். 5.10 என்று ஆரம்பித்தது. பொத்தானும் நகர்ந்தது. விலையை இரண்டாயிரம் குறைத்து வாங்கிக்கொண்டு, பீச் ஸ்டேஷன் எதிரில் ஆளுக்கு ஒரு அத்தோ சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினோம். வண்ணாரப்பேட்டை வருவதற்குள் பூட்லோடர் திறக்கும் வழிமுறையை அவன் படித்து முடித்திருந்தான்.